குளத்தின் மேல் படிந்த வானம்

நண்பகலுக்குச் சற்று முன்னர் ஒரு தெப்பக்குளத்தின் படிக்கட்டில் நின்று, நீருக்குள் நீந்தும் மீன்களைப் படம் எடுக்க முயன்றவர்களுக்கு அந்த ஏமாற்றம் தெரிந்திருக்கும். கண்ணுக்கு மங்கலாகவேனும் தெரிந்த மீன்கள் படத்தில் காணாமற்போய், அவை இருந்த இடம் முழுவதும் வெளுத்த வானமே படிந்திருக்கும். விலை கூடிய லென்ஸை மாற்றிப் போட்டாலும் அந்த வானம் விலகாது. ஆனால், ஒளிப்பட ஆர்வலர்கள் சி.பி.எல். என்று சுருக்கி அழைக்கும் தளவிளைவு ஃபில்டரை லென்ஸின் முன்னால் திருகிப் பொருத்தி, அதன் வெளிவளையத்தை மெல்லச் சுழற்றினால், ஏதோ ஒரு நிலையில் நீரின் மேலிருந்த வெளுப்பு கரைந்து, மூழ்கிக் கிடக்கும் படியும் அதில் படர்ந்த பாசியும் மீன்களும் தெளிவாகத் தெரியத் தொடங்கும். மேலும் கால் சுற்று சுற்றினால் வானம் மீண்டும் வந்து மூடிக்கொள்ளும்.

முன்பு வண்ணக் கண்ணாடிகளைக் கொண்டு செய்த வேலைகளில் பெரும்பாலானவற்றை இப்போது படம் எடுத்த பின்னர் கணினியில் செய்துவிடலாம். பையில் இடம் குறையும்போது நான் அவற்றைத்தான் முதலில் வெளியே வைப்பேன். இந்த ஒரு ஃபில்டரின் வேலையை மட்டும் மென்பொருளால் திரும்பச் செய்ய இயலாது. கேமராவின் சென்சார் பதிவு செய்வது ஒளி எவ்வளவு விழுந்தது, எந்த நிறத்தில் விழுந்தது என்ற இரண்டை மட்டுமே. ஒளிக்கு மூன்றாவதாக ஒரு பண்பு உண்டு. அதை நம் கண்ணும் சென்சாரும் ஒருசேரத் தவறவிடுகின்றன.

ஒளி ஒரு மின்காந்த அலை. அது செல்லும் திசைக்குச் செங்குத்தாக அதன் மின்புலம் அதிர்கிறது. ஒரு முனையைத் தூணில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் உதறினாலும் அலை ஓடும், இடமும் வலமும் உதறினாலும் ஓடும். இரண்டிலும் அலை தூணை நோக்கியே செல்கிறது என்றாலும் அதிரும் தளம் வேறு. சூரியனிலோ விளக்கிலோ எண்ணற்ற அணுக்கள் ஒன்றோடொன்று தொடர்பின்றி ஒளியை உமிழ்வதால், அந்த ஒளியில் எல்லாத் தளங்களின் அதிர்வுகளும் கலந்திருக்கும். அவற்றுள் ஒரு தளத்தின் அதிர்வு மட்டும் எஞ்சினால், அல்லது ஓங்கி நின்றால், அதையே தளவிளைவு என்கிறோம். குளத்தின் மேல் படிந்திருந்த வானம் அப்படிப்பட்ட ஒளி. மீனிலிருந்து வந்தது பெரும்பாலும் கலவையான ஒளி.

எதிரொளித்த ஒளி மட்டும் ஏன் இப்படித் தளம் மாறி வருகிறது? நீரின் மேல் விழும் ஒளியின் மின்புலம், நீர் மூலக்கூறுகளிலுள்ள எலக்ட்ரான்களை அசைக்கிறது. அசையும் எலக்ட்ரான்கள் சிறு ஆண்டெனாக்களைப் போலத் தாமும் ஒளியை வெளிவிடுகின்றன. நாம் எதிரொளிப்பு என்று சொல்வது, அவை மேல்நோக்கி அனுப்பும் பங்கைத்தான். ஆனால் எந்த ஆண்டெனாவும் தான் அசையும் கோட்டின் வழியே அலையை அனுப்புவதில்லை. நீர்மட்டத்துக்கு இணையாக, கிடைத்தளத்தில் அசையும் எலக்ட்ரான்களுக்கு இதனால் தடை ஏதும் இல்லை. மற்றத் தளத்தில் அசைபவற்றுக்கோ, எதிரொளிக்கும் கதிரும் நீருக்குள் விலகிச் செல்லும் கதிரும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமையும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில், ஒளியை அனுப்ப வேண்டிய திசையும் அவை அசையும் திசையும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே அந்தக் கோணத்தில் அவற்றின் பங்கு முற்றிலும் அறுந்து, கிடைத்தள அதிர்வு மட்டுமே நம்மை வந்தடைகிறது.

அந்தக் கோணம், ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் குறிக்கும் ஒளிவிலகல் எண்ணைப் பொறுத்தது என்பதை ஸ்காட்லாந்து அறிவியலாளர் டேவிட் புரூஸ்டர் 1815-இல் கண்டு சொன்னார். செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்தால் நீருக்கு அது ஏறக்குறைய 53 பாகை, சாதாரணக் கண்ணாடிக்கு 56 பாகை. படிக்கட்டில் நிற்பவருக்கு ஏற்ற கணக்காகச் சொல்வதென்றால், கேமரா நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும்போது, அதற்கு நேர் கீழான இடத்திலிருந்து 2 மீட்டர் தள்ளியுள்ள நீர்ப்பரப்பில் ஃபில்டர் மிகச் சிறப்பாக வேலை செய்யும். குனிந்து காலடி நீரை நேர்கீழாகப் படம் எடுத்தால் ஃபில்டரை எவ்வளவு சுழற்றினாலும் எதுவும் நிகழாது. அங்கே எதிரொளிக்கும் ஒளி தளவிளைவு பெறுவதே இல்லை. வாங்கிய ஃபில்டர் பழுது என்று கடைக்குத் திரும்பிச் செல்பவர்களுள் சிலராவது, நின்ற இடத்தை மாற்றிப் பார்க்காதவர்களாகத்தான் இருப்பார்கள்.

இந்தக் கோணத்தைப் பயன்படுத்திச் செய்யப்பட்ட புகழ்பெற்ற சோதனை ஒன்று கப்பல் மேல்தளத்தில் நடந்தது. ஆழ்கடலின் நீலம் வானத்தின் நீலம் எதிரொளிப்பதேயன்றி வேறில்லை என்று, ஒளிச்சிதறலை ஆராய்ந்த ராலே பிரபு கருதியிருந்தார். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன், 1921-இல் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா என்னும் கப்பலில் திரும்பி வருகையில், ஒரு சிறு நிக்கல் பட்டகத்தின் வழியே கடலை அந்தக் கோணத்தில் பார்த்தார். படிகத்தால் ஆன அந்தப் பட்டகம் செய்ததும் இன்றைய சி.பி.எல். செய்யும் அதே வேலைதான். வானத்தின் எதிரொளிப்பு அணைந்தபோது கடலின் நீலம் மறையவில்லை. முன்பைவிடச் செறிவாகத் தெரிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்து, அதை நேச்சர் இதழுக்கு எழுதினார். சிவப்பு ஒளியை நீர் உட்கவர்வதும் கடல் நீலத்துக்கு முக்கியக் காரணம் என்று இன்று விளக்கப்படுகிறது என்றாலும், வானத்தின் கண்ணாடியாக மட்டும் கடலைப் பார்த்த கருத்து அத்துடன் முடிந்தது. திரவங்களில் ஒளிச்சிதறலை அவர் தொடர்ந்து ஆராய்ந்ததன் விளைவே 1928-இல் அறிவிக்கப்பட்ட ராமன் விளைவு.

நிக்கல் பட்டகம் 1828-இல் எடின்பரோவில் வில்லியம் நிக்கல் என்பவர் உருவாக்கியது. அதைச் செய்யத் தெளிவான கால்சைட் படிகம் வேண்டும். லென்ஸின் முகப்பை மறைக்கும் அளவுக்குப் பெரிதாகவும் மெல்லியதாகவும் அதை யாராலும் செய்ய முடியாது. ஒளிப்படக்காரர்களின் கைக்கு இந்தக் கருவி வந்து சேர்வதற்கு, பிரிஸ்டல் நகர மருத்துவர் வில்லியம் ஹெராபாத்தின் ஆய்வகத்தில் 1850-களின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு விந்தையான தற்செயல் காரணமாயிற்று. கொய்னா கொடுக்கப்பட்ட நாயின் சிறுநீரில் அவருடைய மாணவர் அயோடினை இட்டபோது, பச்சை நிறத்தில் நுண்ணிய படிகங்கள் தோன்றின. ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே கிடந்த இடங்களில் அவை கருமையாகத் தெரிந்தன. படிகத்தைப் பெரிதாக வளர்க்கப் பலரும் முயன்று தோற்ற நிலையில், எட்வின் லேண்ட் என்னும் அமெரிக்க இளைஞர், பெரிய படிகம் தேவையே இல்லை, கோடிக்கணக்கான நுண்படிகங்களை ஒரே திசையில் படுக்க வைத்து நெகிழித் தாளுக்குள் பதித்தால் போதும் என்று எண்ணினார். 1929-இல் அதற்குக் காப்புரிமை கோரியபோது அவருக்கு வயது 19-தான். 1930-களின் நடுவில் கோடாக் நிறுவனம் அந்தத் தாளைக் கேமரா ஃபில்டராக விற்கத் தொடங்கியது.

1938-இல் லேண்ட் அடுத்த படிக்குச் சென்று படிகங்களையே கைவிட்டார். பாலிவினைல் ஆல்கஹால் என்னும் நெகிழித் தாளைச் சூடாக்கி ஒரு திசையில் பல மடங்கு இழுத்தால், உள்ளே சிக்கலாகக் கிடந்த நீண்ட மூலக்கூறுகள், சிக்கெடுத்து வாரிய கூந்தலைப் போல ஒரே திசையில் படிந்துவிடும். பின்னர் அதை அயோடினில் தோய்த்தால், அந்த இழைகளின் நெடுக எலக்ட்ரான்கள் ஓடுவதற்கு வழி கிடைக்கிறது. இழையின் திசையில் அதிரும் ஒளி எலக்ட்ரான்களை நெடுக ஓடச் செய்வதில் தன் ஆற்றலை இழந்து அணைந்துவிட, இழைக்குக் குறுக்கே அதிரும் ஒளி தப்பிக் கடந்து செல்கிறது. வேலியின் இடைவெளி வழியே கயிற்றின் அலை செல்வதாகப் பாடநூல்கள் வரைந்து காட்டும் படம் இந்த இடத்தில் நம்மைத் தவறாக வழிநடத்துகிறது. வேலிக் கம்பிகளுக்கு இணையான அலை கடக்கும் என்று அது சொல்ல, உண்மையில் அணைவது அதுவே. இன்று நாம் வாங்கும் ஃபில்டர்களின் இரு கண்ணாடிகளுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் இவ்வகைத் தாள்தான்.

எல்லாத் தளங்களும் கலந்த ஒளியில் பாதியை எந்த நல்ல ஃபில்டரும் விழுங்கியே தீரும். நடைமுறையில் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சம் குறைகிறது (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் பாதியாவது). மாலை நேரத்தில் கையில் பிடித்து எடுப்பவருக்கு இது இழப்பு. குற்றாலத்தில் முக்காலி வைத்து அருவியைப் பட்டுத்துணி போலக் காட்ட விரும்புபவருக்கோ, ஷட்டர் நேரத்தை நீட்ட வழியாகும் இந்த இழப்பே வரவாகிறது. நனைந்த பாறையின் பளபளப்பும் உடன் அடங்கி, கல்லின் உண்மையான நிறம் தெரியும். இலைகளிலும் இதுவே நிகழ்கிறது. இலையின் மேலுள்ள மெழுகுப் படலம் வானத்தின் வெளிர்நீலத்தை எதிரொளித்துப் பச்சையின் மேல் பூசுகிறது. அந்தப் பூச்சை நீக்காமல் மென்பொருளில் நிறச்செறிவை ஏற்றினால், பச்சையோடு பூச்சும் சேர்ந்தே ஏறும். குத்துவிளக்கின் பளபளப்பை மட்டும் ஃபில்டரால் அடக்க முடியாது. உலோகத்தில் எலக்ட்ரான்கள் தடையின்றி ஓடுவதால், எந்தத் தளத்தின் அதிர்வும் முற்றாக அறுந்துபோகும் கோணம் அதற்கு இல்லை.

வானத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகளை அப்படியே பின்பற்றுபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். காற்று மூலக்கூறுகள் சிதறடிக்கும் நீல ஒளியும் தளவிளைவு பெற்றதே. சூரியனுக்கு 90 பாகை விலகிய திசையில் அது உச்சத்தை அடைகிறது. ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக விரித்து, மணிக்கட்டைச் சுழற்றினால் கட்டைவிரல் காட்டும் இடமெல்லாம் ஃபில்டருக்கு வானம் கருநீலமாகும் பட்டை. மேகத்தின் ஒளி பலமுறை சிதறிக் கலவையாகிவிட்டதால் அது வெண்மை குன்றாமல் தனித்து நிற்கும். வடக்கே வெகுதொலைவில் சூரியன் எப்போதும் சாய்ந்தே இருப்பதால் பகல் முழுவதும் இந்தப் பட்டையின் ஒரு பகுதி வானில் உயரமாகவே அமைகிறது. சென்னையில் ஏப்ரல் மாதப் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுப்பகுதியை ஒட்டியும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே வந்துவிடுவதால், பட்டை தொடுவானத்தைச் சுற்றிப் படுத்துவிடும். அங்கோ தூசும் ஈரமும் மிகுந்து விளைவைக் கெடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் அதே பட்டை வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்குக்கு வளைகிறது. ஆகையால் கோபுரத்தின் பின்னால் கருநீல வானம் வேண்டுமென்றால், காலை எட்டு மணிக்கு வடக்கையோ தெற்கையோ பார்த்து நிற்பதே வழி. அப்போதும் 16 மி.மீ. போன்ற அகலக்கோண லென்ஸைப் பயன்படுத்தினால், முழுச்சட்டகக் கேமராவில் அது 97 பாகை அகலத்தைப் பிடிப்பதால், வானத்தின் நடுவே கரும்பட்டையும் ஓரங்களில் வெளிறிய நீலமுமாகப் படம் கெட்டுவிடும். வானவில்லின் ஒளியும் வலுவான தளவிளைவு கொண்டது. வளையத்தைத் தவறான நிலையில் விட்டுவிட்டு எடுத்தால் வானவில்லே படத்தில் இருக்காது.

சி.பி.எல். என்ற பெயரின் முதல் எழுத்து வட்டத்தைக் குறிக்கிறது. ஃபில்டரின் வட்டவடிவத்தைச் சொல்லும் எழுத்தென்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் அது தாளுக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும் கால் அலைத் தட்டின் வேலையைச் சொல்கிறது. எஸ்.எல்.ஆர். கேமராக்களில் ஒளியளவையும் குவியத்தையும் கணிக்கும் உணரிகளுக்கு, பாதி ஒளியை ஊடுருவ விடும் கண்ணாடி வழியே ஒளி பிரிந்து செல்கிறது. ஒரே தளத்தில் அதிரும் ஒளி அந்தக் கண்ணாடியில் விழுந்தால், பிரியும் பங்கு ஃபில்டரின் நிலைக்கேற்ப மாறிக் கணக்குத் தப்பும். கால் அலைத் தட்டு, தாளைக் கடந்து வந்த ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருகு போலச் சுழல வைத்து இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது. கடையில் சோதிக்க முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று போதும். திருகுமரை கண்ணாடியைப் பார்த்திருக்கும்படி ஃபில்டரைப் பிடித்து, அதன் வழியே கண்ணாடியில் தெரியும் ஃபில்டரின் பிம்பத்தைப் பார்த்தால், உண்மையான சி.பி.எல். கருமையாகத் தெரியும், திருப்பிப் பிடித்தால் தெளியும்.

இயற்கை ஒளியில் எதிரொளிப்பு தானே தளவிளைவு பெறும் வரை காத்திருக்க வேண்டும். விளக்குகள் நம் கையில் இருந்தால் காத்திருக்கத் தேவையில்லை. இரு விளக்குகளின் முன்னும் பெரிய தளவிளைவுத் தாள்களை ஒரே திசையில் பொருத்தி, லென்ஸிலுள்ள ஃபில்டரை அதற்குக் குறுக்காகச் சுழற்றி வைத்தால், மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி தன் தளத்தை மாற்றிக்கொள்ளாமல் வந்து ஃபில்டரில் அணையும். பொருளுக்குள் நுழைந்து, பலமுறை சிதறி, நிறத்தைச் சுமந்து வெளிவரும் ஒளியோ தளம் கலைந்து கடந்துவிடும். எண்ணெய் வண்ண ஓவியங்களைப் பளபளப்பின்றிப் படம் எடுக்கவும், தோல் மருத்துவத்தில் சருமத்தின் அடிநிறத்தைப் பார்க்கவும் இந்த முறை பயன்படுகிறது. கண்ணாடிச் சட்டகத்தைக் கழற்ற முடியாத தஞ்சாவூர் ஓவியத்துக்கும் இது ஏற்றதாகவே தோன்றும். ஆனால் முதல் படத்தைப் பார்த்ததும் திடுக்கிட வேண்டியிருக்கும்: சிவப்பும் பச்சையும் ஆழமாகத் தெரிய, தங்கத் தகடு மட்டும் கருகிய பழுப்பாக நிற்கும். தங்கம் உலோகம். அதிலிருந்து வருவது முழுக்க மேற்பரப்பில் தெறித்த ஒளி. உள்ளிருந்து சிதறி வருவது எதுவும் அதற்கு இல்லை. எனவே கேமராவை அசைக்காமல் ஃபில்டரை முழுக் குறுக்கிலிருந்து சற்றே விலக்கி, இருபது முப்பது பாகை திருப்பி, தங்கத்துக்கென்று இரண்டாவது படம் ஒன்றை எடுத்து, இரண்டையும் கணினியில் அடுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.