பெயில் வந்தும் வெளியே விடவில்லையா?

பெயில் உத்தரவோடு சிறை வாசலில் காத்திருந்த ஓர் அம்மாவைப் பார்த்திருக்கிறேன். மதியம்வரை உட்காரவைத்துவிட்டு, "உங்க பையனுக்கு குண்டாஸ் போட்டாச்சும்மா" என்றார்கள்.

பெயில் வேறு, இந்தத் தடுப்புக் காவல் வேறு. குண்டாஸ் எனப்படும் தமிழ்நாட்டுக் குண்டர் தடுப்புச் சட்டம் (1982) ஆகட்டும், தேசியப் பாதுகாப்புச் சட்டம் (1980) ஆகட்டும், கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் விசாரணை இல்லாமலே 12 மாதம்வரை உள்ளே வைக்கலாம். ஆனால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும், மறுத்து மனுப்போட வாய்ப்பும் தர வேண்டும். அரசியல் சாசனத்தின் 22(5) பிரிவு அது.

அந்தக் காரணங்கள் அடங்கிய 'புக்லெட்' வழக்கமாக 5 நாளுக்குள் சிறையில் கொடுக்கப்படும். முதல் மனு (சிறைச் சந்திப்பு) பார்க்கும்போதே அதை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கருப்படித்த எஃப்.ஐ.ஆர்., தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் நீட்டிய ரிமாண்ட் உத்தரவு. இதற்கெல்லாம் காவல் ரத்தாகியிருக்கிறது. பெயில் மனுவே நிலுவையில் இல்லாதபோது 'பெயிலில் வந்துவிடுவார்' என்று எழுதியிருக்கிறதா? ரேகா வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் பிடித்தது அதைத்தான்.

அடுத்து, காவலை மறுத்துப் போடும் முறையீட்டு மனு. 'தெரியாமல் செய்துவிட்டான், மன்னியுங்கள்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். குற்றத்தை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். கலெக்டர் ஆபீஸில் உள்துறைக்குப் போகச் சொல்வார்கள், உள்துறையில் சிறை வழியாக அனுப்பச் சொல்வார்கள். அலையாதீர்கள். உத்தரவு போட்டவருக்கும் மாநில உள்துறைச் செயலருக்கும் ஒரே நாளில் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தேசியப் பாதுகாப்புச் சட்டம் என்றால் டெல்லி உள்துறைக்கும் ஒன்று. ரசீதுகள் பத்திரம். 'மந்திரி டூரில் இருந்தார்' என்று 5 நாள் ஃபைலைக் கிடப்பில் போட்டதற்கே ராஜம்மாள் வழக்கில் உத்தரவு ரத்தானது. நீங்கள் அனுப்பிய தேதியைக் காட்ட முடியாவிட்டால் தாமதம் என்று எதைச் சொல்வது?

காவலில் வைத்ததிலிருந்து 3 வாரத்துக்குள் விஷயம் அறிவுரைக் கழகத்துக்கு, அதாவது காவலுக்குப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் போர்டுக்கு, போக வேண்டும். அங்கே வக்கீலைக் கேட்கும் உரிமை கிடையாது (நல்ல சட்டம்தான், போங்கள்). வக்கீல் அல்லாத உறவினரோ நண்பரோ துணைக்கு வர அனுமதி கேட்டு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். 'போர்டே விட்டுவிடும்' என்று நம்பி ஆட்கொணர்வு மனுவை (இந்தக் காவலே செல்லாது, விடுவியுங்கள் என்று கோர்ட்டில் கேட்பது) தள்ளிப்போடவே கூடாது. ஹைகோர்ட்டில் அது விசாரணைக்கு வரவே மாதக்கணக்காகும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? ஹைகோர்ட் சட்டப்பணிகள் குழுவில் எழுதிக் கொடுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பினால், 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைக் காட்டுங்கள்.