குக்கர் மூடியின் மேல் 70 கிராம், அடியில் 300 கிலோ

குக்கர் வெயிட்டைக் கழுவும்போது ஒரு தடவை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கனமாகத்தான் தெரியும், ஆனால் ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக எடை இருக்காது. இந்தத் துண்டு உலோகம் கொதிக்கிற பாத்திரத்துக்குள் ஆவியை எப்படி அடக்கி வைக்கிறது? பள்ளிக்கூடத்தில் படித்த இயற்பியலே இதற்குப் போதும்.

நம் வீட்டுக் குக்கர்கள் பெரும்பாலும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல், சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்ற அளவில் வேலை செய்கின்றன. வெயிட் உட்காரும் குழாயின் துளை 3 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு சுமார் 0.07 சதுர சென்டிமீட்டர். அந்தத் துளை வழியாக ஆவி மேலே தள்ளும் விசை 70 கிராம் எடைக்குச் சமம். எனவே 70 கிராம் வெயிட் ஒன்றை அதன்மேல் வைத்தால், அழுத்தம் அந்த அளவை எட்டும் வரை அது அசையாது. எட்டியதும் தூக்கப்படும், ஆவி சீறும், அழுத்தம் கொஞ்சம் இறங்கும், வெயிட் மறுபடி உட்காரும். நாம் கேட்கும் விசில் அதுதான்.

இதே கணக்கை மூடிக்கும் போட்டுப் பாருங்கள். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். அப்படியென்றால் மூடியின் அடியில் 300 கிலோவுக்கு மேற்பட்ட விசை மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. நான்கைந்து பெரியவர்களின் எடை! இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் குக்கரை எப்படி வாங்குவது, எப்படிப் பராமரிப்பது, எதைச் செய்யவே கூடாது என்பதெல்லாம் தானாகப் புரியும்.

இந்த யோசனை பழையது. பிரான்ஸைச் சேர்ந்த டெனி பாப்பின் 1679இல் லண்டனில் இப்படி ஒரு ஆவிப் பாத்திரத்தைச் செய்தார். எலும்பைக்கூட மெத்தென்று வேகவைக்கும் பாத்திரம் அது. 1682இல் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர்களுக்கு அதில் சமைத்து விருந்தும் வைத்தார். ஆவி அளவு மீறினால் தானே வெளியேற, எடை தொங்கவிட்ட ஒரு வால்வையும் அதில் பொருத்தியிருந்தார். நம் குக்கர் வெயிட்டின் மூதாதை என்று அதைச் சொல்லலாம்.

சரி, அழுத்தம் கூடினால் பருப்பு ஏன் சீக்கிரம் வேகிறது? பருப்பை வேகவைப்பது வெப்பம். அந்த வெப்பத்துக்கு உயர இடம் கொடுப்பதுதான் அழுத்தத்தின் வேலை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் அதற்கு மேல் ஏறாது, கூடுதல் வெப்பமெல்லாம் ஆவியாகப் போய்விடும். மூடி வைத்து அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். வேகும் வேகம் பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று வைத்தால், 20 டிகிரிக்கு நான்கு மடங்கு. திறந்த சட்டியில் முக்கால் மணி நேரம் கேட்கும் துவரம்பருப்பு குக்கரில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் குழைவது அதனால்தான்.

ஊட்டியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. குக்கரிலும் உள்ளே 116 டிகிரி அளவுக்குத்தான் ஏறும். வெயிட் கூட்டிக்கொடுப்பது அதே ஒரு கிலோவை என்றாலும், அந்த ஊர்க் காற்று தரும் அழுத்தம் நமக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. எனவே மலையூர்களில் சில நிமிடங்கள் கூடுதலாக விடுவது சரியே.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் வருகிறது. விசில் என்பது கடிகாரம் இல்லை. உள்ளே தேவையான அழுத்தம் வந்துவிட்டது, இப்போது மிஞ்சியது வெளியே வழிகிறது என்று குக்கர் சொல்கிறது, அவ்வளவுதான். பெரிய பர்னரில் வைத்த 3 லிட்டர் குக்கர் மூன்று நிமிடத்துக்குள் நாலு விசில் அடித்துவிடும். சின்ன பர்னரில் அதே நாலு விசிலுக்குப் பத்து நிமிடம் ஆகலாம். ஒரு வீட்டில் குழையும் பருப்பு இன்னொரு வீட்டில் விதை விதையாக நிற்பதற்கு இந்த விசில் கணக்கு ஒரு பெரிய காரணம்.

முதல் விசில் வந்ததும் அடுப்பை சிம்மில் வைத்துவிட்டு நிமிடத்தைப் பாருங்கள். ஊறவைக்காத துவரம்பருப்புக்குப் பத்து நிமிடம், இரவு முழுக்க ஊறிய கொண்டைக்கடலைக்குப் பதினைந்து முதல் இருபது என்று ஆரம்பித்து, உங்கள் குக்கருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். சிம்மிலும் உள்ளே ஏறக்குறைய அதே 120 டிகிரிதான் இருக்கும். பெரிய தீயில் விட்டால் வேகம் கூடாது, ஆவிதான் கூடுதலாகப் போகும். ஆவியோடு காஸும் போகிறது. உள்ளே தண்ணீர் குறைந்து அடிப்பிடிக்கவும் வழியாகிறது.

வெயிட்டை எப்போது போடுவது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. “ஆவி நல்லா வரட்டும், அப்புறம் வெயிட்டைப் போடு” என்று அம்மாக்கள் சொல்வதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, துளை அடைபடவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். இன்னொன்று, உள்ளே இருக்கும் காற்று வெளியேறிவிடும். காற்றும் ஆவியும் கலந்திருந்தால் அழுத்தத்தில் ஒரு பங்கு காற்றுடையது, மீதிதான் ஆவியுடையது. அப்போது வெயிட் தூக்கப்பட்டாலும் உள்ளே 120 டிகிரி இருக்காது. ஒரே சீராக ஆவி வந்த பிறகு போட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

இத்தனையும் செய்தும் பருப்பு வேகவில்லை என்றால் குக்கரைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீரைப் பாருங்கள். போர் தண்ணீர் உள்ள வீடுகளில் இது தினசரி வருத்தம். பருப்பின் செல்களைச் சேர்த்து ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். வெப்பத்தில் அது கரைந்தால்தான் பருப்பு உடைந்து குழையும். உப்புத் தண்ணீரில் நிறைய இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அந்தப் பெக்டின் இழைகளுக்கு நடுவே பாலம் போட்டு இறுக்கிவிடுகின்றன. புளிப்பும் பெக்டினைக் கரையவிடாது. அதனால்தான் புளிக்கரைசலும் தக்காளியும் பருப்பு வெந்த பிறகு சேர வேண்டும். பருப்போடு சேர்த்தே தக்காளியைப் போட்டுவிட்டு, ஏன் வேகவில்லை என்று நிறையப் பேர் கேட்கிறார்கள்.

பருப்புக்கு மட்டுமாவது வடிகட்டிய நல்ல தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படியும் வெள்ளைப் பொடியை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் ஊற்றலாம். கொதிக்கும்போது கால்சியத்தில் ஒரு பகுதி சுண்ணாம்பாகப் படிந்துவிடுகிறது, எல்லாம் போய்விடாது. ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவும் வேலை செய்யும். ஆனால் அது தயமின் என்ற பி வைட்டமினை அழிக்கும் என்பதால் நான் அதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன். ரொம்ப நாள், அதுவும் வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் கிடந்த பருப்பும் இப்படி அடம்பிடிக்கும். அதற்கு ஊறவைப்பதுதான் வைத்தியம்.

பருப்பில் இன்னொரு தொல்லை நுரை. குக்கரை நிரப்பிவிட்டால் நுரை மேலேறி, பருப்புத் தோலோடு வெயிட் குழாய்க்குள் புகுந்து காய்ந்து அடைத்துக்கொள்ளும். பருப்பு என்றால் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் போகக் கூடாது, மற்றவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு. அரை ஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரைக் குமிழ்கள் நிலைக்காமல் உடைந்துபோகும். மூடும் முன் மூடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, குழாய் வழியாக ஒரு பார்வை பாருங்கள். துளையில் வெளிச்சம் தெரிய வேண்டும். இரண்டு விநாடி வேலை. இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

துளை அடைபட்டால் காப்பாற்ற இருப்பது சேஃப்டி வால்வ். அதன் நடுவே, குறிப்பிட்ட வெப்பத்தில் உருகும் உலோகக் கலவை அடைத்திருக்கும். அழுத்தத்தைத் தடுக்க ஏன் வெப்பத்தில் உருகும் பொருள்? மூடிய பாத்திரத்தில் ஆவியின் அழுத்தமும் வெப்பமும் பிரியாத ஜோடி, ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும். தண்ணீர் வற்றிப்போனாலும் வெப்பம் கிடுகிடுவென்று ஏறும். இரண்டு ஆபத்துக்கும் ஒரே காவல். வால்வ் போய்விட்டால் அதே கம்பெனி வால்வைத்தான் போட வேண்டும். “இதைப் போட்டா இனிமே போகவே போகாது” என்று ரிப்பேர்க்காரர் ஒரு போல்ட்டை முடுக்கித் தந்தால் வாங்காதீர்கள். உருகிப் போவதுதான் அதன் வேலை. போல்ட் போட்ட குக்கரில் அந்த 300 கிலோவுக்கு மேல் விசை ஏறினால் வெளியே போக வழியில்லை.

கேஸ்கட் சாதாரண ரப்பர்தான். தினமும் 120 டிகிரி சூடும் எண்ணெயும் பட்டுப் பட்டு விறைத்துப்போகும். ஓரத்தில் ஆவி கசிந்தால், விசில் வரத் தாமதமானால், மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஓரத்தைச் சுற்றி மைதா பூசி ஒப்பேற்றுவது வேண்டாம். கழுவும்போது கேஸ்கட்டைத் தனியே எடுத்துக் கழுவி, மூடியைப் பூட்டாமல் கவிழ்த்து வையுங்கள். அழுந்தியே கிடந்தால் ரப்பர் சீக்கிரம் தட்டையாகிவிடும்.

அவசரத்துக்குத் திறப்பதுதான் பெரும்பாலான கொப்புளங்களுக்குக் காரணம். 120 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் மேல் அழுத்தம் சட்டென்று விலகினால், அதில் சுமார் 35 மில்லி அந்தக் கணமே ஆவியாகும். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் அந்த 35 மில்லி தண்ணீர் ஏறக்குறைய 60 லிட்டர் ஆவி. குழம்பையும் பருப்பையும் அள்ளிக்கொண்டுதான் அது வெளியே வரும். உள்மூடி குக்கரில் ஆவியே மூடியை விளிம்போடு இறுக்கிப் பிடித்திருப்பதால் அழுத்தம் இறங்கும் வரை திறக்க முடியாது. வெளிமூடியில் ஆவி மூடியை வெளியே தள்ளுகிறது, விளிம்பின் பற்கள்தான் பிடித்திருக்கின்றன. பற்கள் தேய்ந்த வெளிமூடி குக்கரை வைத்திருக்கவே கூடாது என்பேன். நன்றாக ஆறிய பின்னும் மூடி வரவில்லையா? ஆவி தண்ணீராகி உள்ளே வெற்றிடம் உண்டாகியிருக்கிறது. வெயிட்டைத் தூக்குங்கள், காற்று உள்ளே போனதும் மூடி வந்துவிடும்.

புதிதாக வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். 2021 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் வீட்டுக் குக்கர்களுக்கு அது கட்டாயம். அலுமினியம் சூட்டைச் சீராகப் பரப்பும். எவர்சில்வர் அதில் ரொம்பப் பின்தங்கியது என்பதால், எவர்சில்வர் வாங்கினால் அடியில் அலுமினியம் வைத்துத் தயாரித்ததா என்று கேட்டு வாங்குங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் அடிப்பாகத்தில் காந்தம் ஒட்ட வேண்டும். அந்த மாடலுக்குக் கேஸ்கட் உங்கள் தெருப் பாத்திரக்கடையில் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

அலுமினியம் உள்ளே கறுத்துப்போனால் பயப்பட வேண்டாம். காரத்தன்மையுள்ள உப்புத் தண்ணீர் கொதித்துக் கொதித்து உண்டாகும் மேல்படலம் அது. இட்லிக்கோ அடுக்கு வைத்து வேகவைக்கவோ அடியில் ஊற்றும் தண்ணீரில், பிழிந்த எலுமிச்சை மூடியையோ புளிச்சக்கையையோ ஒரு துண்டு போட்டுவிட்டால் கறுக்காது. ஏற்கெனவே கறுத்த குக்கரும் அதே தண்ணீரில் பத்து நிமிடம் கொதித்தால் வெளுத்துவிடும். ஆனால் புளிக்குழம்பை இரவெல்லாம் அலுமினியக் குக்கரிலேயே விட்டுவைக்காதீர்கள், அந்த அமிலம் உலோகத்தையும் கரைத்து எடுக்கும். குழம்பு ஆறியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.