கடைசிப் பக்கத்தில் ‘அம்மா’ என்று கூப்பிடும் பிள்ளை

ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் என்று உறுதியானதும் சொந்தபந்தங்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் தவிக்கிறார்கள். அந்தத் தவிப்பில் யாராவது ஒருவர், அம்மாவின் பாசத்தாலேயே ஆட்டிசம் உள்ள பிள்ளை பேசிவிடுவதாகச் சொல்லும் ஒரு நாவலைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுப்பார். "படிச்சுப் பாரு, தெம்பா இருக்கும்." நல்ல மனசோடுதான் கொடுக்கிறார்கள். நான் ஸ்பீச் தெரபிஸ்ட். அந்த நாவலை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு வருகிற குடும்பங்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். சமீபத்தில் இன்னொரு குடும்பம் வந்தது. இதற்கு மேலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பையனுக்கு நாலு வயது முடியப்போகிறது. இரண்டரை வயதிலேயே டாக்டர் ஆட்டிசம் என்று சொல்லி, தெரபிக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் போகவில்லை. அம்மா வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் மகனோடு இருந்திருக்கிறார். மடியில் வைத்துக் கதை சொல்லியிருக்கிறார், பாட்டுப் பாடியிருக்கிறார், கட்டிக்கொண்டே தூங்கவைத்திருக்கிறார். என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "இவ்வளவு பாசமா இருந்தும் ஏன் மேடம் இன்னும் என்னை அம்மான்னு கூப்பிட மாட்டேங்கிறான்? என் பாசத்துலதான் குறையா?"

அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பையன் அவர் கையைப் பிடித்து இழுத்து, தண்ணீர் பாட்டிலின் மூடிமேல் கொண்டுபோய் வைத்தான். அவர் என்னைப் பார்த்தபடியே மூடியைத் திறந்து கொடுத்தார். ‘திறந்து கொடு’ என்று மகன் சொன்னதை அவர் கவனிக்கவே இல்லை. எங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கை போகிற இடத்தில் ஒரு பட அட்டையை வைப்போம், கூடவே ஒரு சொல்லைச் சொல்வோம், சில விநாடி காத்திருப்போம். ஒன்றரை வருடம் முன்பே தொடங்கியிருக்கலாம்.

இந்த நாவல்களை நானும் படித்திருக்கிறேன். நமக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணத்தைப் போக்குகிற நல்லவையும் உண்டு. பிள்ளை ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து குதிப்பதையும், ஐந்து வயதிலும் டயப்பர் கட்டுவதையும், மூன்றே வகைச் சாப்பாட்டைத் தவிர எதையும் தொடாததையும் அவை மறைக்காமல் எழுதுகின்றன. அவற்றைத் தாராளமாகப் படியுங்கள். நான் சொல்வது மற்ற ரகத்தை. அதில் பிள்ளை ஏதோ ஒரு கோட்டைக்குள் பூட்டிக்கொண்டிருக்கும். அப்பா விலகிப் போவார், அம்மா விடமாட்டார். அவருடைய பாசம் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டைத் திறக்கும். கடைசிப் பக்கத்தில் பிள்ளை ‘அம்மா’ என்று கூப்பிடும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். 1943ல் லியோ கானர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனி நிலையாக முதலில் விவரிக்கப்பட்டது. பெற்றோரில் வாஞ்சையானவர்கள் குறைவு என்பதுபோலவும் அதில் எழுதிவைத்தார். அது வளர்ந்து, தாயின் மனம் குளிர்ந்துபோனதால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று டாக்டர்களே பேசும் நிலை வந்தது. 1967ல் புரூனோ பெட்டல்ஹைம் அதை ஒரு புத்தகமாகவே எழுதிப் பரப்பினார். எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள்! ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பனும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964லேயே அதை மறுத்து எழுதியிருந்தார். 1969ல் கானரே பெற்றோர் கூட்டத்தில் உங்கள்மேல் குற்றமில்லை என்று சொன்னார். 1977ல் வந்த 21 இரட்டையர் ஜோடிகளின் ஆய்வில், ஒரே மரபணு கொண்ட, உருவொத்த 11 ஜோடிகளில் நாலு ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. மற்ற 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. அதன் வேர் பெரும்பாலும் மரபணுவில் இருக்கிறது, வளர்ப்பில் இல்லை என்பது அதன்பின் உறுதிப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

பாசம் இல்லாததால் வந்தது என்பது பொய் என்றால், பாசத்தைக் கொட்டினால் போய்விடும் என்பதும் பொய்தான். முதலாவதைச் சொன்னால் எல்லோரும் கோபப்படுகிறோம். இரண்டாவதை அட்டைப்படம் போட்டு விற்றால் அழுதுகொண்டே வாங்குகிறோம். பிள்ளை பேசவில்லையென்றால் இரண்டுமே கடைசியில் தாயைத்தான் குற்றவாளி ஆக்குகின்றன.

பேச்சு விஷயத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காட்டினர் பள்ளி வயதிலும் மிகக் குறைவாகவே பேசுவார்கள். அதற்காகக் கைவிடவும் வேண்டாம். நாலு வயதில் கடுமையான பேச்சுத் தாமதம் இருந்த 535 பிள்ளைகளைப் பற்றி 2013ல் ஓர் ஆய்வு வந்தது. 8 வயதிலோ அதற்குப் பிறகோ பார்த்தபோது 70 விழுக்காட்டினர் சொற்றொடராவது பேசினார்கள், 47 விழுக்காட்டினர் சரளமாகவே பேசினார்கள். பேச்சு வரும்போதும் நாவலில்போல் ஒரே நொடியில் வராது. விளம்பர வரி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வதாகத் தொடங்கலாம், நாம் கேட்ட கேள்வியையே நமக்குத் திருப்பிச் சொல்வதாகவும் தொடங்கலாம். அதை அதட்டி நிறுத்தாதீர்கள். பட அட்டையும், படத்தைத் தொட்டால் சொல்லைச் சொல்லும் டேப்லெட் கருவியும் பேச்சைக் கெடுக்காது. தயவுசெய்து அந்தப் பயத்தை விடுங்கள்.

இன்னொன்று. பெரியவர் ஒருவர் கையைத் தாங்கிப் பிடிக்க, பிள்ளை கவிதையாகத் தட்டச்சு செய்யும் அத்தியாயம் வந்தால் நம்பாதீர்கள். 1990களிலேயே இதைச் சோதித்துவிட்டார்கள். பிள்ளைக்கு ஒரு படம், கை பிடிப்பவருக்கு வேறு படம் காட்டினால், கை பிடித்தவர் பார்த்ததுதான் திரையில் வந்தது.

பிள்ளை காணாமல்போகும் அத்தியாயம்தான் எனக்கு அடிவயிற்றைக் கலக்குகிறது. இருட்டில் தேடுகிறார்கள், ஆற்றங்கரையில் கண்டுபிடிக்கிறார்கள், குடும்பமே கட்டிக்கொண்டு அழுகிறது. நிஜத்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித் திரும்பக் கிடைப்பதில்லை. 2012ல் வெளியான ஓர் ஆய்வில், 4 வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது பிள்ளை பாதுகாப்பான இடத்தை விட்டு நழுவ முயன்றதாகப் பெற்றோரில் 49 விழுக்காட்டினர் சொன்னார்கள். இப்பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர்மேல் தனி ஈர்ப்பு உண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் வராது. அதனால் கதவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். உடையில் போன் நம்பரைத் தைத்துவையுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் மறைக்காமல் சொல்லிவையுங்கள். நீச்சல் கற்றுக்கொடுங்கள். காணவில்லை என்றால் முதலில் பக்கத்தில் உள்ள தண்ணீரைப் போய்ப் பாருங்கள், கட்டிலுக்கு அடியில் அப்புறம் தேடலாம்.

ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா, ஒன்றரை வயதில் எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லையா, வந்த சொல் மறைந்துவிட்டதா? அடுத்த பிறந்தநாள்வரை பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஆட்டிசத்துக்கான அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க, 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கென்றே பெற்றோர் பதில் சொல்லும் 20 கேள்விகள் உள்ள எம்-சாட் என்ற கேள்வித்தாள் இருக்கிறது. குழந்தை டாக்டரிடம் கேளுங்கள். தெரபிக்கு இடம் கிடைக்கத் தாமதமானாலும் வீட்டில் என்ன செய்வதென்று ஒரு தடவையாவது வந்து கற்றுக்கொண்டு போங்கள். கற்றுக்கொண்டு செய்கிற அம்மா அப்பாவைவிடப் பெரிய தெரபிஸ்ட் கிடையாது. உங்கள் பாசம் எங்களுக்கு வேண்டியது அந்த இடத்தில்தான்.

கடைசியாக அந்த நாவல்களில் வரும் அக்காவைப் பற்றி. பத்து வயதில் எல்லாம் புரிந்தவளாக, எதையும் கேட்காதவளாக, தம்பியைக் கடைசிவரை நானே பார்த்துக்கொள்வேன் என்று சத்தியம் செய்பவளாக வருவாள். அப்படி ஒருத்தி உங்கள் வீட்டிலும் இருந்தால் மெச்சுவதோடு விட்டுவிடாதீர்கள். வாரத்தில் ஒரு மணி நேரமாவது, தம்பி பேச்சே எடுக்காமல், அவளோடு தனியாக இருங்கள். தம்பிமேல் கோபம் வருகிறது என்று சொன்னால் திட்டாமல் கேளுங்கள். பெரியவனானதும் அவனை யார் பார்த்துக்கொள்வது என்பது அம்மா அப்பா நீங்கள் இருவரும் இப்போதே உட்கார்ந்து யோசிக்க வேண்டியது. அவளிடம் அந்தச் சத்தியத்தை வாங்காதீர்கள்.