தக்கையை விட்டுப்பிடிக்கும் சக்கரம்

"பல்சக்கரம் கிடையாது, தானியங்கி பிரேக் கிடையாது, தூரமாக வீசவும் வராது. அப்படிப்பட்ட ரீலை இங்கிலாந்துத் தூண்டில்காரர்கள் ஏன் இன்னும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சென்டர்பின் ரீலைத்தான் சொல்கிறார். விடை உராய்வில் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஆர்வத்தின் நியாயம் புரிந்துவிடும்.

அமைப்பு மிக எளிது. நடுவில் ஓர் எஃகு அச்சு, அதன்மேல் தூண்டில் நரம்பு (நைலான் இழை) சுற்றிய அகலமான உருளை, விளிம்பருகே இரண்டு கைப்பிடிகள். கிணற்று ராட்டினம் போல, இழுத்தால் சுற்றும். 19ஆம் நூற்றாண்டில் டிரென்ட் ஆற்றங்கரையில் நாட்டிங்காம்காரர்கள் இதை மரத்தில் கடைந்தார்கள். மரம் ஈரத்தில் உப்பி, கோணி, சுற்ற மறுக்கும். அந்நூற்றாண்டின் இறுதியில் ஊசித் தயாரிப்புக்குப் பேர்போன ரெடிச் நகரின் ஆல்காக் நிறுவனம் கொண்டுவந்த 'ஏரியல்' ரீலில், மிதிவண்டிச் சக்கரத்தில் உள்ளதைப் போன்ற ஆரக்கால்கள் வந்தன; எடை குறைந்தது. 1905இல் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் காப்புரிமை பெற்ற நிலைச்சுருள் ரீலின் (வீசும்போது உருளை சுற்றாது, நரம்பு மட்டும் உருவிக்கொண்டு போகும்) வழிவந்தவைதான் இன்று கடைகளில் நிறைந்திருக்கின்றன. வீசுவதற்கு அவையே மேல். ஆனால் ஓடும் ஆற்றில் தக்கையை மிதக்கவிட்டு மீன் பிடிக்க வேண்டுமென்றால் கதை மாறுகிறது.

ஆற்று நீர் எல்லா ஆழத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. படுகையின் உராய்வால் அடிநீர் மெதுவாகவும் மேல்நீர் வேகமாகவும் போகும். பார்பெல், சப், ரோச் ஆகிய மீன்கள் (மூன்றுமே நம் கெண்டை மீனின் உறவுகள்) பெரும்பாலும் அந்த மெதுவான அடிநீரில் இரை தேடுகின்றன. தக்கையோ மேலே இருக்கிறது. அதை அதன் போக்கில் விட்டால், கீழே இருக்கும் இரையை அடிநீரின் வேகத்தைவிட விரைவாக இழுத்துக்கொண்டு ஓடும். இயற்கைக்கு மாறாக ஓடும் இரையை மீன் சந்தேகிக்கும். ஆகவே தக்கையைச் சற்றுப் பிடித்துவைக்க வேண்டும், ஆனால் நிறுத்திவிடக் கூடாது.

நிலைச்சுருள் ரீலில் நரம்பு ஒன்று முழுவதும் விடுபட்டிருக்கும், அல்லது முழுவதும் நின்றிருக்கும். விரலால் தடுத்துத் தடுத்து விடலாம். தக்கை வெட்டி வெட்டி நகரும். சென்டர்பின்னில் தக்கையே உருளையைச் சுற்றி நரம்பை எடுத்துக்கொள்கிறது. அதற்கு எவ்வளவு விசை வேண்டும்?

உருளையின் எடை 150 கிராம் என்று கொள்வோம். எண்ணெயிட்ட எஃகும் வெண்கலமும் உரசும்போது உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.1. அதாவது அச்சின் மேற்பரப்பில் 15 கிராம் எடைக்குச் சமமான தடை. அந்தத் தடை, 5 மி.மீ. விட்டமுள்ள அச்சின் விளிம்பில், மையத்திலிருந்து 2.5 மி.மீ. தொலைவில் செயல்படுகிறது. நரம்போ மையத்திலிருந்து 50 மி.மீ. தொலைவில் இழுக்கிறது. ஆரங்களின் விகிதம் 20. பள்ளியில் படித்த திருப்புத்திறன்தான்: 15ஐ 20ஆல் வகுத்தால் 0.75 கிராம். முக்கால் கிராம் இழுப்புக்கு உருளை சுற்றிக்கொண்டே இருக்கும்!

இதில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இனிமேல்தான் வருகிறது. 15 மி.மீ. அகலமும் 5 செ.மீ. மூழ்கிய உயரமும் உள்ள தக்கையை நீர் முக்கால் கிராம் விசையோடு தள்ள, நீரைவிடத் தக்கை நொடிக்குச் சுமார் 14 செ.மீ. பின்தங்க வேண்டும். மேல்நீர் 50 செ.மீ. வேகத்தில் ஓடினால், யாரும் தொடாமலேயே தக்கை 36 செ.மீ. வேகத்தில் போகும். நீரின் தள்ளுவிசை வேக வித்தியாசத்தின் இருமடியாக உயர்வதால், தக்கை சற்றே தாமதித்தாலும் தள்ளுதல் சட்டென்று கூடி அதை முன்னே கொண்டுவருகிறது. முந்தினால் தள்ளுதல் குறைகிறது. வேகம் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. இன்னும் மெதுவாக, 25 செ.மீ. வேகம் வேண்டுமா? கட்டைவிரல் விளிம்பில் ஒன்றரை கிராம் சொச்சம் தடை சேர்த்தால் போதும். பயிற்சியுள்ள விரல் உணரக்கூடிய அளவுதான் அது.

இதே கணக்கின் மறுபக்கமும் உண்டு. நொடிக்கு 15 செ.மீ. மட்டுமே நகரும் மந்தமான ஆற்றில் அதே ரீல் கிட்டத்தட்ட நின்றுவிடும். அங்கே உராய்வைக் குறைக்கும் பால் பேரிங் வைத்த ரீல் வேண்டும். வேகமான ஆற்றில் வெறும் அச்சு ரீலின் சிறு உராய்வு குறையல்ல, உதவி.

"ஒரு தட்டுத் தட்டினால் இத்தனை நிமிடம் சுற்றும்" என்று விற்பவர்கள் சொல்வதை நம்பி வாங்க வேண்டாம். காற்றின் இழுவையும் எண்ணெயின் இழுவையும் உருளையின் எடையோடு கூடுவதில்லை. எனவே கனமான உருளை நீண்ட நேரம் சுற்றிக் காட்டும்; ஆனால் புறப்படத் தயங்கும். நம் 150 கிராம் உருளையையே ஒரு நொடிக்குள் 36 செ.மீ. வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 3 கிராம் விசை வேண்டும். உராய்வைப் போல் நான்கு மடங்கு. அதனால்தான் கைதேர்ந்தவர்கள் தக்கை நீரில் விழுந்ததும் விளிம்பை விரலால் லேசாகத் தள்ளித் தொடங்கிவைக்கிறார்கள். கடையில் சோதிக்க, நரம்பு நுனியில் 1 கிராம் எடையைத் தொங்கவிட்டு, உருளை தானாகப் புறப்படுகிறதா என்று பாருங்கள். பழைய ரீலுக்கு மீன் ராசி உண்டு என்ற பேச்சையும் இந்தச் சோதனையின் முன் வைக்க வேண்டும். நன்றாகச் செய்த பழைய ரீல் புறப்படும், தேய்ந்தது புறப்படாது. ராசிக்கு இதில் வேலையில்லை.

நரம்பு 100 மீட்டர் போதும். விளிம்புவரை நிரப்பினால் சுருள் வழிந்து, உருளைக்கும் பின்தட்டுக்கும் நடுவே நுழைந்து சிக்கும். மிதக்கும் நரம்பாக இருக்கட்டும். மூழ்கினால் தக்கையைப் பக்கவாட்டில் இழுக்கும். தக்கையைப் பிடித்துவைக்கும்போது இரை முன்னே ஊசலாடி மேலெழும் என்பதால், ஆழத்தைவிடச் சற்று நீளமாக நரம்பை விட வேண்டும். நீரோட்டத்துக்கு எதிராக வீசும் மென்காற்று நல்லது; நரம்பைத் தக்கைக்குப் பின்னாலேயே வைத்திருக்கும். இரையை அமிழ்த்த நரம்பில் பொருத்தும் குண்டுகள் ஈயமாக இருக்கக் கூடாது. அன்னங்கள் அவற்றை விழுங்கி நஞ்சேறி இறந்ததால் பிரிட்டனில் சிறு ஈயக்குண்டுகளை 1987 முதல் தடைசெய்தார்கள். இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்த பொறுமையான ஆய்வுதான் அந்தச் சட்டத்துக்கு அடிப்படை. உடனடிப் பயன் தெரியாத இத்தகைய ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கத் தயங்கும் அரசுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

தக்கை திடீரென்று நின்றாலும் உருளையின் நிலைமம் அதைச் சுற்றவைத்துக்கொண்டே இருக்கும். நரம்பு வளையங்களாகத் தளர்ந்து குருவிக்கூடாகும். கட்டைவிரல் விளிம்பை விட்டு அகலவே கூடாது என்பது இதனால்தான். மீன் மாட்டியபின் அதே விரல்தான் பிரேக். மீன் பாயும்போது கைப்பிடிகளும் வேகமாகப் பின்னோக்கிச் சுற்றும். விரல்மூட்டுகளை அவற்றின் பாதையில் வைக்காதீர்கள்.

புதிய பேரிங்குகளில் கிரீஸ் அடைத்திருப்பார்கள். குளிரில் அதன் பாகுநிலை கூடி ரீல் மந்தமாகும். ஒயிட் ஸ்பிரிட்டில் (பெயின்ட் கரைக்கும் திரவம்) கழுவி, உலர்த்தி, மெல்லிய எண்ணெய் ஒரே சொட்டு விட்டால் போதும். உருளையைக் கழற்றி மணலில் வைக்காதீர்கள்: அச்சில் ஒட்டும் ஒரு மணல்துகள் போதும், அந்த முக்கால் கிராம் கணக்கு கெட்டுப்போக.