முழங்காலுக்கு ஸ்கேன் எடுக்கும் முன் சைக்கிள் சீட்டைப் பாருங்கள்

பொங்கல் கழிந்ததும் சைக்கிள் வாங்குகிறார்கள். மாசி பாதியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எங்கள் பிசியோதெரபி கிளினிக் படியேறுகிறார்கள். வருடா வருடம் இதே கதைதான். மழை விட்டு, வெயில் இன்னும் முழுசாக ஏறாத இந்த இரண்டு மாதம்தான் சென்னைக்கு வாய்த்த வசந்தம். அதில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சைக்கிள் ஆசை வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

போன வாரம் வந்தவர் நாற்பதைத் தொடப்போகும் ஐடி ஊழியர். கையில் எம்ஆர்ஐ ஃபைல், இரண்டு காலிலும் நீ கேப். மூட்டுத் தேய்மானம் என்று அவராகவே முடிவு கட்டி, வாங்கி ஆறு வாரம்கூட ஆகாத சைக்கிளை விற்க விலையும் பேசிவிட்டார். ஸ்கேனில் அந்த வயதுக்கு இருக்கக்கூடியதைத் தாண்டி ஒன்றும் இல்லை. "நாளைக்கு சைக்கிளைக் கொண்டு வாங்க சார்" என்றேன். "சைக்கிளா? வலி எனக்குத்தானே டாக்டர்?" என்றார்.

கொண்டு வந்தார். நல்ல மவுன்டன் பைக். அகலமான டயர், முன்பக்கம் சஸ்பென்ஷன், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், 21 கியர். சீட் மட்டும் ஃபிரேமோடு ஒட்டிக் கிடந்தது. ஏறி உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் அப்படியே பதிகின்றன. பார்க்கிங்கில் ஒரு சுற்று ஓட்டச் சொன்னேன். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் வயிற்றுப் பக்கம் வரை ஏறி, மடங்கிய நிலையிலேயே கீழே இறங்கியது. ஒரு தடவைகூட கால் நீளவே இல்லை. "இவ்வளவு கீழே எதுக்கு சார்?" என்று கேட்டால், "கால் தரையில படணும்ல டாக்டர்?" என்கிறார்.

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தரையில் கால் படத் தேவையில்லை. சீட்டில் உட்கார்ந்த நிலையில் இரண்டு பாதமும் முழுசாகத் தரையைத் தொட்டால் அந்த சீட் உங்களுக்குத் தாழ்வு, அவ்வளவுதான். ஒரு பக்கம் சாய்ந்தால் கால் விரல் நுனி தொட்டால் போதும். தொடாவிட்டாலும் பரவாயில்லை. வாங்கிய கடையில் அப்படித்தான் செட் செய்து கொடுத்தார்கள் என்பார்கள். கடையில் யாரும் மூன்று மணி நேரம் மிதித்துப் பார்ப்பதில்லை. ஏறி உட்கார்ந்து, கால் ஊன்றி, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு பணம் கட்டுகிறீர்கள். கால் எட்டவில்லை என்றால் நீங்கள் வாங்க மாட்டீர்கள் என்று கடைக்காரருக்குத் தெரியும்.

இந்த பயம் எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்து, குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறைக்குக் கால் எட்டாத சீட் என்றால் விழுப்புண்தான் ஞாபகம் வரும். அதற்குப் பிறகு இருபது வருடம் ஸ்கூட்டர். சிக்னலில் நிற்கும்போது இரண்டு காலையும் ஊன்றிப் பழகிவிட்டோம். ஆனால் ஸ்கூட்டரை இழுப்பது இன்ஜின். சைக்கிளை இழுப்பது உங்கள் முழங்கால். மடங்கியே இருக்கும் முழங்காலில் பலம் கொடுத்து அழுத்தினால் முழங்கால் சில்லுக்குப் பின்னால் எவ்வளவு அழுத்தம் ஏறும் என்று தெரிய வேண்டுமா? அரை உட்காரலில் இருந்தபடி மொட்டைமாடி வரை படியேறிப் பாருங்கள். ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டினால் ஒவ்வொரு காலும் நான்காயிரம் தடவைக்கு மேல் அதைச் செய்கிறது.

இளைஞர்களிடம் கேட்டால் பதில் வேறு. "மலையில் ஓட்டும் வீடியோவில் எல்லோரும் சீட்டைத் தாழ்த்தித்தானே வைத்திருக்கிறார்கள்?" உண்மைதான், அவர்கள் இறங்கும்போது. செங்குத்தான பாறைச் சரிவில் இறங்குகிறவர் சீட்டில் உட்காருவதே இல்லை. பெடலில் எழுந்து நின்று, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி இறங்குகிறார். சீட் உயரமாக இருந்தால் அதற்கு இடைஞ்சல் என்பதால் தாழ்த்துகிறார். அதே ஆள் ஏற்றம் வந்ததும் சீட்டை மேலே கொண்டுவந்துவிடுவார். இப்போது ஹேண்டில்பாரில் ஒரு லீவரை அழுத்தினால் சீட் இறங்கும், ஏறும். டிராப்பர் போஸ்ட் என்பார்கள். 1980-களில் அது இல்லாதபோதுகூட, கிளாம்பைத் தளர்த்தினால் சீட்டைப் பழைய உயரத்துக்கே தள்ளிவிடும் ஸ்பிரிங் ஒன்றை அமெரிக்காவில் செய்து மாட்டிக்கொண்டார்கள். தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து மிதிக்க முடியாது என்று மலையில் ஓட்டியவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. நீங்களோ வீடியோவில் இறக்கத்தைப் பார்த்துவிட்டு, சமதளமான ஈசிஆரில் முட்டுக்காடு வரை அந்த உயரத்திலேயே மிதிக்கிறீர்கள்.

சரி, எவ்வளவு உயரம்? சைக்கிளைச் சுவரை ஒட்டி நிறுத்துங்கள். ஓட்டும்போது போடும் ஷூவையே போட்டுக்கொண்டு ஏறி, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொள்ளுங்கள். ஒரு பெடலைக் கீழ் முனைக்குக் கொண்டுவந்து அதில் குதிகாலை வையுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் முழங்கால் நேராக நீள வேண்டும். அதுதான் உங்கள் உயரம். பிறகு முன்பாதத்தைப் பெடலில் வைத்தால், கீழ் முனையில் முழங்கால் லேசாக மடங்கி நிற்கும். கருவி வைத்து அளந்தால் அது 25 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும். ஆனால் வீட்டில் கோணம் எல்லாம் பார்க்க வேண்டாம், குதிகால் முறையே போதும்.

மிகவும் தாழ்வான சீட்டில் பழகியவர்கள் ஒரே நாளில் முழுசாக ஏற்ற வேண்டாம். ஒவ்வொரு தடவை ஓட்டப் போகும்போதும் அரை சென்டிமீட்டர். உயரம் சரியாக அமைந்ததும், சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட்டில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸுக்கு விட்டு வாங்கும்போது உதவும். ஃபிரேமுக்குள் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவைக் காட்டும் கோடு ஒன்று சீட் போஸ்ட்டில் பொறித்திருக்கும். அது வெளியே தெரிகிற அளவுக்கு ஏற்றக் கூடாது, போஸ்ட் ஒடிந்துவிடும். அந்தக் கோடு வரை ஏற்றியும் உயரம் போதவில்லை என்றால் ஃபிரேமே உங்களுக்குச் சின்னது. தள்ளுபடியில் கிடைத்தது என்று தம்பி சைஸை வாங்கி வந்தவர்களையும் பார்க்கிறேன்.

ரொம்ப ஏற்றினாலும் வம்புதான். இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடும், முழங்காலுக்குப் பின்பக்கம் வலிக்கும். முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். எல்லோருக்கும் இப்படியே பொருந்தாது, ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

நிறுத்துவது எப்படி என்று கேட்காதவர் இல்லை. பிரேக் பிடித்து, வேகம் போனதும், சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, ஃபிரேமின் மேல்கம்பிக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து நில்லுங்கள். கிளம்பும்போது ஒரு பெடலை மேல்பக்கம் கொண்டுவந்து, அதில் எழுந்து மிதித்து, அந்த வேகத்திலேயே சீட்டில் உட்காருங்கள். தெருமுனையில் பத்து நிமிடம் பழகினால் வந்துவிடும்.

சீட்டுக்கு அடுத்து முழங்காலைக் கெடுப்பது கியர். "கஷ்டமான கியரில் மிதித்தால்தான் கால் பலமாகும்" என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. 21 கியர் வாங்கிவிட்டு ஒன்றே ஒன்றில் மூச்சைப் பிடித்து அழுத்துகிறார்கள். 15 விநாடியில் ஒரு கால் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். சமதளத்தில் 20-ஐ ஒட்டி வர வேண்டும். 12, 13 என்றால் கியரைக் குறையுங்கள். மேம்பாலம் வந்தால், ஏறத் தொடங்கும் முன்பே குறையுங்கள். பாதி ஏற்றத்தில், முழு பலத்தோடு அழுத்திக்கொண்டே மாற்றினால் செயின் கதறும்.

மூன்றாவது அவசரம். அது சென்னைக்கே உரிய வியாதி. டிசம்பர் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, முதல் ஞாயிறே மாமல்லபுரம். திருவான்மியூரிலிருந்து போய்வர 80 கிலோமீட்டருக்கு மேல். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கு மாதங்கள் வேண்டும். மூச்சு வாங்கவில்லை என்பதால் உடம்பு தயார் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டுங்கள் என்று நாங்கள் சொல்வது கல்லில் பொறித்த சட்டம் அல்ல, ஆனால் அதைக் கேட்டவர்கள் என் மேஜைக்கு வருவது குறைவு. வாரத்தில் இரண்டு நாள் வீட்டுப் படிக்கட்டிலேயே பயிற்சி செய்யலாம். படி ஓரத்தில் ஒரு காலில் நின்று, மற்ற காலின் குதிகால் கீழ்ப்படியைத் தொடும் வரை மெதுவாக இறங்கி, மீண்டும் ஏறுங்கள். முழங்கால் உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராகவே இருக்க வேண்டும். சாய்ந்தால் உங்கள் இடுப்புத் தசை வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அதைச் சரி செய்யாமல் கோடை விடுமுறையில் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குத் திட்டம் போடாதீர்கள், தயவு செய்து.

கை மரத்துப்போகிறது என்று வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்தால் உள்ளங்கையில் ஒரு நரம்பு நசுங்குகிறது. உடம்பு எடையை ஹேண்டில்பாரில் போடாதீர்கள், முழங்கையை லேசாக மடக்குங்கள், பிடியை அடிக்கடி மாற்றுங்கள், பேட் வைத்த கையுறை போடுங்கள். ஓட்டம் முடிந்த பிறகும் மரப்பு போகவில்லை என்றால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். சீட் வலிக்கிறது என்று பஞ்சு மெத்தை போன்ற ஜெல் கவர் வாங்கி மாட்டுகிறவர்களே, அது இடுப்பெலும்பை உள்ளே அமிழ்த்தி நடுவில் இருக்கும் நரம்பைத்தான் அழுத்துகிறது. கவருக்குக் கொடுக்கும் காசில் பேட் வைத்த ஷார்ட்ஸ் வாங்குங்கள். உள்ளே ஜட்டி வேண்டாம். இதைச் சொல்லும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பங்குனி பிறந்துவிட்டால் வெயிலையும் கணக்கில் சேருங்கள். விடியற்காலை குளிர்ச்சியாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை உலராது, உடம்புச் சூடு இறங்காது. ஐந்தரைக்குக் கிளம்பி எட்டரைக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும், அரை லிட்டரில் அல்ல. மோரில் உப்புப் போட்டுக் குடித்தாலும் நல்லதுதான். தலை சுற்றி, பேச்சு குழறினால் அது களைப்பு அல்ல. நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிரவைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏரி வற்றும் காலம் இது. தாம்பரத்தைத் தாண்டி ஏரிக்கரை மண்பாதைகளில் ஓட்ட இதைவிட நல்ல நேரம் இல்லை. சீமைக்கருவேல முள்ளுக்கும் இதுதான் நல்ல நேரம். மாற்று டியூப், டயர் லீவர், கைப்பம்பு மூன்றும் இல்லாமல் போகாதீர்கள். டயரில் காற்று எவ்வளவு என்பது அதன் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். மண்பாதைக்கு அந்த வரம்பின் கீழ்ப்பக்கம், தார்ச்சாலைக்கு மேல்பக்கம். வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் சைக்கிளை நுழைக்காதீர்கள்.

"ஏரிக்கரையில வண்டியே வராது, எதுக்கு டாக்டர் ஹெல்மெட்?" என்று மகனுக்காக வாதாடும் அம்மாக்களுக்கு: கரையில் கல் இருக்கிறது அல்லவா, அதற்குத்தான். பைக் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்து அனுப்பாதீர்கள், சூட்டில் இரண்டு கிலோமீட்டரில் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவான். சைக்கிள் ஹெல்மெட் தனி. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளிதான் இருக்க வேண்டும், வார் இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு தடவை தலை அடிபட்டால், விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும்.

முன் பிரேக்கைத் தொட்டாலே குப்புற விழுவோம் என்று பின் பிரேக்கை மட்டும் பிடிப்பவர்கள் சரளையில் வழுக்கி விழுகிறார்கள். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துங்கள், உடம்பைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள்.

அப்படியும் விழுந்து, கையை ஊன்றினால், இதை மட்டும் செய்யுங்கள். கட்டைவிரலை விரித்து நிமிர்த்தினால் மணிக்கட்டு ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? வலித்தால், விரல் ஆடுகிறது, வீக்கம் இல்லை என்று வீட்டிலேயே இருக்காதீர்கள். அதன் அடியில் முந்திரிப் பருப்பு அளவில் ஸ்கேஃபாய்டு என்ற எலும்பு இருக்கிறது. அதற்கு ரத்தம் விரல் பக்கமிருந்துதான் பின்னோக்கி வருகிறது. ஒடிந்தால் முன்கைப் பக்கத் துண்டுக்கு ரத்தம் கிடைக்காமல் எலும்பு சேராமலே போகலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகும். அதனால்தான் கட்டுப் போட்டுவிட்டு 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். எக்ஸ்ரே நார்மல் என்று கட்டைப் பிரித்து எறிவதோ, எண்ணெய் போட்டு நீவிவிடுவதோ வேண்டாம். எலும்பு மருத்துவரிடம் போனதும் "மணிக்கட்டு வலிக்குது" என்று மட்டும் சொல்லாமல், சைக்கிளிலிருந்து கையை ஊன்றி விழுந்தேன் என்று சொல்லுங்கள். முதலில் எங்கே அழுத்திப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.