கொடுவாவின் காதும் எங்கள் துடுப்பும்

தொண்டைமானாற்றுக் கரையில் விடியப்புறம் ஐந்தேகாலுக்குக் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகைத் தண்ணீரில் தள்ளினோம். வீச்சுவலையை உதறிக்கொண்டு நின்ற அண்ணை ஒருவர், "கதைச்சுக்கொண்டு போகாதேங்கோ தம்பியவை, கொடுவா ஓடிப்போம்" என்றார். மச்சானும் நானும் வாயை மூடிக்கொண்டோம். நூறு மீற்றர்கூடப் போயிருக்க மாட்டோம், மச்சான் துடுப்பை மடியில் வைக்கப் போக, அது கயாக்கின் விளிம்பில் 'டொக்' என்று பட்டது. முன்னால் கண்டல் வேரடியில் தண்ணீர் ஒரு தரம் சுழித்து அடங்கியது. அங்கே நின்றது போய்விட்டது.

அண்ணை சொன்னதில் பாதிதான் சரி. காற்றில் எழும் ஒலி தண்ணீரில் பட்டதும் ஏறக்குறைய முழுவதும் மேலேயே திரும்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் உள்ளே இறங்கும். நாங்கள் ஊர்க்கதை முழுவதையும் கதைத்திருந்தாலும் கொடுவாவுக்கு அது முணுமுணுப்பாகக்கூடப் போய்ச் சேர்ந்திராது. துடுப்பின் தட்டு வேறு சங்கதி. கயாக்கின் அடிப்பலகை தண்ணீரோடு ஒட்டிக் கிடப்பது. அதில் விழும் அடி நேரே தண்ணீருக்குள் போகும். போகும் வேகம் செக்கனுக்குச் சுமார் 1500 மீற்றர், காற்றில் போவதைப்போல நாலு மடங்குக்கும் மேல். கயாக் என்பது ஒருவகையில் பறை. மேலே இருப்பவன் தட்டினால் கீழே இருப்பவனுக்குத்தான் கேட்கும்.

மச்சான் ரொறன்ரோக்காரன். ஒன்ராறியோ ஆறுகளில் காலையில் கயாக்கில் போய்ப் 'பேர்ச்' பிடிப்பது அவனுடைய பொழுதுபோக்கு. உள்ளங்கையளவு, மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட, கூட்டமாகத் திரியும் மீன். இங்கே ஆறு எது என்று கேட்டான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வழுக்கையாறு ஒன்றுதான் ஆறு, அதுவும் மாரியில் மட்டும். தொண்டைமானாறு பெயரளவில் ஆறு, உண்மையில் கடல்நீரேரி. சோழப் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்ற வெட்டுவித்தான் என்று ஊரில் கதை உண்டு. இப்போது அதன் வாயில் உவர்நீரைத் தடுக்கும் கதவுகள் நிற்கின்றன.

பேர்ச்சும் இங்கே இல்லை. கொடுவாவை ஆங்கிலத்தில் 'ஜயன்ற் பேர்ச்' என்றும் அழைத்தார்கள், ஆனால் மரபணுவைப் பார்த்தவர்கள் அதைப் பாரை மீன்களின் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி. பாரை எங்கள் ஆள்.

கொடுவாவுக்கு வெளியே தெரிகிற காது இல்லை. உள்ளே, மூளைக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக் கல் போன்ற சிறு கட்டிகள் மெல்லிய உணர்மயிர்களின்மேல் இருக்கின்றன. மீனின் சதை ஏறத்தாழத் தண்ணீரின் அடர்த்திதான். ஒலி வரும்போது உடம்பு முழுவதும் தண்ணீரோடு சேர்ந்து ஆடும். கல் பாரமானது, பின்தங்கும். அந்தப் பின்தங்கல் மயிரை வளைக்கிறது. மீனுக்குக் கேட்பது அதுதான்.

இதைவிட வியப்பான உறுப்பு உடம்பின் வெளியே இருக்கிறது. சந்தையில் கொடுவா கண்டால் ஒருக்கால் தடவிப் பாருங்கள்: செவிள் மூடியின் மேற்புறத்திலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடும். பல மீன்களில் அது வாலடியோடு நின்றுவிடும்; கொடுவாவில் வாற்செட்டைக்குள்ளும் நீளும். அந்தக் கோட்டிலுள்ள ஒவ்வொரு செதிலிலும் ஒரு துளை. துளைகளுக்குள் ஒரு குழாய், குழாய்க்குள் பசை போன்ற தொப்பி அணிந்த உணர்மயிர்க் கொத்துகள். பக்கத்தில் ஒரு திரளிக் குஞ்சு வாலை அசைத்தால் தண்ணீர் தள்ளப்படும், தொப்பி சரியும், மீனுக்குத் தெரியும். எங்கள் உட்காதில் இருப்பதும் இதே வகை மயிர்க்கலங்கள்தான்; நாங்கள் அவற்றை மண்டைக்குள் பூட்டி வைத்திருக்கிறோம், மீன் தோலில் அணிந்திருக்கிறது.

ஆனால் இந்தத் தொடாமல் தொடும் புலன் எட்டும் தூரம் குறைவு. மீனின் உடல்நீளத்தில் ஒரு மடங்கு, இரண்டு மடங்கு, அவ்வளவே. முழ நீளக் கொடுவாவுக்கு ஒரு மீற்றருக்குள். ஆகவே மச்சான் தூண்டிலில் மாட்டியிருந்த றப்பர் மீன், வாலை எவ்வளவு ஆட்டினாலும், வேரடிக்குக் கிட்டப் போய் விழவேண்டும். கிட்டப் போகக் கயாக் வேண்டும்.

கயாக்குக்கு இன்னொரு நன்மை, ஆள் தாழ இருப்பது. தண்ணீருக்குள் இருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகை விரிந்த ஒரு வட்ட யன்னலுக்குள் அடங்கும். யன்னலுக்கு வெளியே தெரிவது ஏரியடியின் பிரதிபலிப்பு. தொடுவானத்துக்குக் கிட்ட இருப்பவை எல்லாம் யன்னலின் விளிம்பில் நசுங்கிக் கிடக்கும். 10 மீற்றர் தள்ளி வள்ளத்தில் நிற்கிறவரின் தலை நீர்மட்டத்திலிருந்து 2 மீற்றர் உயரத்தில் என்று வைத்துக் கணக்குப் போட்டேன்: அவர் விளிம்பில் ஒன்றேகால் பாகை உயரத்துக்குத் தெரிவார். கயாக்கில் குந்தியிருப்பவரின் தலை 80 சென்ரிமீற்றர் என்றால், கால் பாகைகூட இல்லை. சிற்றலை அடித்தால் அதுவும் கலைந்துபோம்.

ஏன் விடியற்காலை? சந்நிதி கோயில் மணி அடிக்கும் நேரத்தில் எழும்பவேண்டியிருந்த கோபத்தில் நான் கேட்ட கேள்வி இது. பெரும்பாலான மீன்களின் கண்மணி எங்களுடையதைப்போலச் சுருங்கி விரியாது. பகலுக்கும் இரவுக்கும் மாற, விழித்திரைக்குள் பகற்கலங்களும் இராக்கலங்களும் உண்மையாகவே இடம்பெயர வேண்டும். அதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். விடியும் வேளையில் திரளிக் குஞ்சு இந்த இடமாற்றத்தின் நடுவில் தடுமாறும். கொடுவாவின் கண்ணிலோ பின்னால் ஓர் ஒளிதிருப்பும் படலம் உண்டு. ரோர்ச் அடித்தால் கண் கனல்போல் மினுங்குவது அதனால்தான். ஒருமுறை தப்பிய வெளிச்சம் திரும்பி வந்து இரண்டாம் முறை படும். அரைகுறை வெளிச்சத்தில் வேட்டையாடுகிறவனுக்குத்தான் வாசி. எங்கள் அகலாங்கில் விடியலின் மங்கல் 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூட நிற்கும், பிறகு வெயில். பேர்ச் நல்ல வெளிச்சம் வந்தபிறகே உற்சாகமாகத் தின்னுமாம். மச்சான் அங்கத்தைய பழக்கத்தில் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து ஆறுதலாகக் குடித்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில்தான் 'பொக்' என்றது.

கொடுவா இரையைக் கடிப்பதில்லை, உறிஞ்சும். வாயையும் செவிளையும் கண்ணிமைக்கும் முன் விரிக்க, உள்ளே அழுத்தம் விழும், தண்ணீர் இரையோடு பாய்ந்து வரும். மேற்பரப்பில் நடந்தால் காற்றும் சேர்ந்து போய் அந்தச் சத்தம் வரும். மச்சான் போத்தலை விட்டுத் தூண்டிலைப் பிடித்தான். மீன் ஒருமுறை துள்ளித் தலையை உதறியது. நல்ல பெரிது. கொடுவா பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகிற மீன்; இந்தப் பருமனில் அனேகமாகப் பெண்தான், இலட்சக்கணக்கில் முட்டையிடுகிற தாய்.

அதன் செவிள் மூடியின் விளிம்பு சவர அலகு. இரண்டாம் உதறலில் தூண்டில் நரம்பு அறுந்தது.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. போத்தல் மிதந்து கண்டலுக்குள் போய்க்கொண்டிருந்தது. மச்சான் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "இப்ப கதைக்கலாமோ?"