ரெம்பிராண்டின் கெட்டி வெள்ளை

மார்ட்டன் சோல்மன்ஸ், ஆம்ஸ்டர்டாமில் சர்க்கரை ஆலை நடத்திச் செழித்த குடும்பத்துப் பிள்ளை. 1634-இல் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் அவரை ஆளுயரத்துக்கு வரைந்தபோது வயது இருபத்தொன்றுதான். கறுப்புப் பட்டு உடை, கையில் கையுறை, தோள்வரை விரிந்த லேஸ் கழுத்துப்பட்டை. 2016-இல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகமும் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியமும் சேர்ந்து, இதையும் இவர் மனைவி ஓப்யெனின் ஓவியத்தையும் 16 கோடி யூரோவுக்கு வாங்கின.

என்னைக் கேட்டால், இந்த ஓவியத்தில் முகத்தைவிட லேஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே வெள்ளைச் சாயம் மேடு மேடாக நிற்கிறது. பக்கவாட்டில் விழும் ஒளி அந்த மேடுகளில் பட்டு மினுங்குவதால், லேஸ் துணியிலிருந்து எழும்பித் தெரிகிறது. ஆனால் ஆளிவிதை எண்ணெயில் குழைத்த சாயம் வழியக்கூடியது. இது மட்டும் எப்படி வழியாமல் நின்றது?

அந்த வெள்ளையின் மூலப்பொருள் ஈயம். சுருட்டிய ஈயத் தகடுகளை வினிகர் ஊற்றிய மண்பானைகளில் வைத்து, சுற்றிலும் குதிரைச் சாணத்தைக் குவித்து வாரக்கணக்கில் மூடிவைப்பார்கள். வினிகரின் ஆவி ஈயத்தை அரிக்கும். சாணம் மக்கும்போது எழும் சூடும் கார்பன் டை ஆக்சைடும் அரிப்பை வெண்மையான ஈயக் கார்பனேட்டாக மாற்றும். அதைச் சுரண்டி, கழுவி, அரைத்தால் ஓவியருக்கான வெள்ளை. அதைச் செய்தவர்களின் உடலில் ஈய நஞ்சு ஏறியது. இந்த அழகைப் பற்றிப் பேசும்போது அவர்களை மறக்கக்கூடாது.

2019-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இந்த ஓவியத்திலிருந்தும் ரெம்பிராண்டின் வேறு இரண்டு ஓவியங்களிலிருந்தும், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்களை எடுத்து, பிரான்ஸின் கிரெனோபிள் நகரிலுள்ள சிங்க்ரோட்ரான் என்ற, மிகச் செறிவான எக்ஸ்-கதிரை உண்டாக்கும் பெரிய கருவியில் சோதித்தார்கள். மேடான வெள்ளையில் பிளம்போநாக்ரைட் என்ற ஈயக் கனிமம் இருந்தது. பழைய ஓவியங்களில் அது மிக அரிது. காரத்தன்மை உள்ள சூழலில்தான் அது உருவாகும். அந்தக் காரம் எங்கிருந்து வந்திருக்கும்? எண்ணெயில் ரெம்பிராண்ட் ஈய ஆக்சைடைச் சேர்த்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. நம் சித்த மருத்துவத்தில் மிருதார்சிங்கி என்கிறார்களே, அதே பொருள்தான்.

ஈய ஆக்சைடு எண்ணெயோடு வினைபுரிந்து அதைக் கெட்டிப்படுத்தும். பற்பசையை அழுத்தினால் வரும், விட்டால் அப்படியே நிற்கும் அல்லவா, சாயமும் அந்தக் குணத்தைப் பெறுகிறது. தூரிகை இழுக்கும்வரை நகர்ந்து, எடுத்ததும் நின்றுவிடும்.

பிறகு அது காய வேண்டும். நீர்ச்சாயம் போல ஆவியாகி அல்ல. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாக இறுகுகின்றன. ஈயம் இதை விரைவுபடுத்தும். அதனால் வெள்ளை சீக்கிரம் இறுகும். எலும்புக்கரிக் கறுப்போ காய நெடுநாள் எடுக்கும். ஒரே உடையில் இரண்டையும் அடுத்தடுத்துத் தீட்டும் ஓவியர் இந்த வேறுபாட்டைக் கைப்பழக்கத்தில் அறிந்திருக்க வேண்டும்.

ஈயமும் எண்ணெயும் கொண்ட இந்த உறவு சாயம் காய்ந்தபின்னும் முடிவதில்லை. எண்ணெயின் கொழுப்பு அமிலங்களோடு ஈயம் மெல்லச் சேர்ந்து ஒருவகைச் சோப்பாகிறது. சில ஓவியங்களில் அது திரண்டு, மேற்பரப்பைத் துளைத்துக்கொண்டு பருக்கள் போலக் கிளம்பும். ரெம்பிராண்டே 1632-இல் வரைந்த ‘டாக்டர் துல்ப்பின் உடற்கூற்றுப் பாடம்’ என்ற ஓவியத்தில் அப்படிப்பட்ட பருக்கள் உண்டு. ஈரப்பதமும் வெப்பமும் கூடினால் இந்த வினை வேகமெடுக்கும். ஓவியக் கூடங்களில் இரண்டையும் இரவுபகலாகக் கண்காணிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.